பள்ளியில் ஓவியம் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் பணியிடைப் பயிற்சி வகுப்புகளிலும் ஓவியம் கற்பிக்கும் முறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்துவைத்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நிலைமையை மனத்தில் கொண்டு விடை எழுதியிருக்கிறேன். இங்கு ஓவியம் என்று சொல்லும் இடங்களில் களிமண் வேலை, அச்சு எடுத்தல், காகித வேலை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியர். ஓவியத்துக்குத்தான் தனி ஆசிரியர் இருக்கிறாரே, நான் எதற்கு இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் தனி ஓவிய ஆசிரியர் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டும் பள்ளிகளுக்கு மட்டுமே கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடே அதில் சொல்லப்படவில்லை. ஆகவே ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் பிள்ளைக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளும் ஓவிய ஆசிரியர் வகுப்பாசிரியரே. பிள்ளைகள் தயக்கமில்லாமல் வரையும் காலமும் அந்த ஐந்து ஆண்டுகள்தாம் என்பதால், ஓவியம் கற்பிக்கும் பயிற்சி முதலில் சேர வேண்டிய இடம் இடைநிலை ஆசிரியர்களிடம்தான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எனக்கு ஒரு மாம்பழம்கூட ஒழுங்காக வரைய வராது. நான் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. பல ஆசிரியர்கள் இதைத் தாழ்ந்த குரலில், மற்றவர்கள் கலைந்து சென்ற பிறகு வந்து கேட்கிறார்கள். தொடக்க நிலையில் ஓவியம் கற்பிக்க மூன்று திறன்கள் வேண்டும். பிள்ளை வரைந்ததை நிதானமாகப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் பேசத் தெரிய வேண்டும். பொருள்களைத் தயார்செய்து வகுப்பை நடத்தத் தெரிய வேண்டும். அழகாக வரையும் கை இருந்தால் நல்லதுதான். ஆனால் அது இல்லாமலும் இந்த மூன்றையும் ஒருவர் தேர்ந்த முறையில் கற்றுக்கொள்ள முடியும்.

எனினும் ஆசிரியர் வரையவே வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வண்ணத்தில் தண்ணீர் கூடினால் தாள் என்ன ஆகும், களிமண் உருண்டையை ஒட்டும்போது ஏன் வெடிக்கிறது என்பதெல்லாம் கையால் செய்து பார்த்தவருக்கே தெரியும். பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் வாரத்தில் சில பக்கங்களாவது நோட்டுப்புத்தகத்தில் வரைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அந்த நோட்டுக்கு யாரும் மதிப்பெண் போடக் கூடாது.

பிள்ளைகளின் ஓவியத்தில் 'வளர்ச்சி நிலை' என்று பாடத்தில் வருகிறது. அதை மனப்பாடம் செய்து என்ன பயன்?

மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை. பிள்ளைகளின் ஓவியங்களைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் மிகுந்த பயன் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் விரிவாக எழுதிய பகுப்பே நம் பாடநூல்கள் பலவற்றிலும் சுருக்கமாக இடம்பெறுகிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல். நான்கு முதல் ஏழு வரை தலையிலிருந்து நேரே கால் முளைக்கும் மனித உருவங்கள். ஏழு முதல் ஒன்பது வரை மரம் என்றால் ஒரு வடிவம், வீடு என்றால் ஒரு வடிவம் என்று பிள்ளை தனக்கென அமைத்துக்கொள்ளும் குறிகள். ஒன்பது வயதுக்குப் பிறகு உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்ற விருப்பம். வயது எல்லைகள் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நம் கோல மரபில் வளரும் பிள்ளை புள்ளி, சமச்சீர் முதலியவற்றை முன்னதாகவே பழகிவிடுவதும் உண்டு.

பயன் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கோயில் குளத்தை வரையச் சொன்னால், நடுவில் ஒரு சதுரம் போட்டு, நான்கு பக்கத்துப் படிகளையும் நான்கு பக்கமும் விரித்துப் படுக்கவைத்து வரைவதை அடிக்கடி காணலாம். கரையிலுள்ள மரங்களும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். இதைப் 'பிழை' என்று திருத்தும் ஆசிரியர், குளத்தைச் சுற்றி நடந்தால் ஒவ்வொரு பக்கமும் எப்படித் தெரியுமோ அதையெல்லாம் ஒரே தாளில் கொண்டுவந்த சிந்தனையைக் காணத் தவறிவிடுகிறார். ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் தீட்டப்பட்ட தோட்டக்குளமும் இதே முறையில்தான் இருக்கிறது. பிள்ளை வரையும் பேருந்தின் பக்கச் சுவர் வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் தெரிவதும் இவ்வகையே. இந்த அறிவு இருக்கும் ஆசிரியர் திருத்துவதற்கு நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறார். அவர் பெறும் முதல் பயன் அது.

'எனக்கு வரைய வராது' என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லத் தொடங்குகிறார்களே, என்ன செய்வது?

மேலே கூறிய ஒன்பது வயதுத் திருப்பமே இது. கண் முன்னே போய்விட, கை பின்தங்குகிறது; தான் வரைந்த மாடு மாட்டைப்போல் இல்லை என்பதைப் பிள்ளை இப்போதுதான் உணர்கிறது. இந்த நேரத்தில் யாராவது கைகொடுத்தால் பிள்ளை தாண்டிவிடும். கைகொடுக்க ஆளில்லாதபோது பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மாம்பழம் வரைய வராது என்று கேட்ட ஆசிரியர்களிடம் எந்த வகுப்பில் வரைவதை விட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு என்றே சொல்கிறார்கள்.

இந்த வயதுக்கு உற்றுநோக்கும் பயிற்சி பொருந்தும். ஒரு வேப்பிலைக் கொத்தையோ ரப்பர் செருப்பையோ முன்னே வைத்து, தாளைப் பார்க்காமல் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தபடியே மெதுவாகக் கோடு இழுக்கச் சொல்லலாம். வருவது கோணலாக இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுவதால் யாருக்கும் அச்சம் இருக்காது. பிறகு பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்லலாம். உருவ ஒற்றுமை தேவைப்படாத அச்சு வேலை, களிமண், ஒட்டுப்படம் ஆகியவற்றையும் இடையிடையே கொடுத்தால், கோடு இழுக்கத் தயங்கும் பிள்ளையும் வகுப்பில் நிலைத்திருக்கும்.

கரும்பலகையில் நான் வரைந்து, பிள்ளைகளைப் பார்த்து வரையச் சொல்வது தப்பா? எங்களுக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?

எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன். தூரிகை பிடிப்பது, இரண்டு வண்ணங்களை ஈரத்தில் கலக்கவிடுவது, களிமண்ணைக் கீறி மண்குழம்பு தடவி ஒட்டுவது போன்ற செய்முறைகளைச் செய்துகாட்டியே கற்பிக்க வேண்டும். கலைஞர் ஒருவரின் படைப்பைப் பார்த்து வரைந்து கற்பதும் பெரிய பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியே. இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று ஆசிரியர் வரைந்து, நாற்பது பிள்ளைகளும் அதையே வரைவதுதான் சிக்கல். மலையையே கண்டிராத கடலோரக் கிராமத்துப் பிள்ளையும் அதே இரட்டை மலையை வரைகிறது. வாசலில் கிடக்கும் கட்டுமரம் தாளில் வருவதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியும், அந்தக் காலத்து ஆங்கிலேயக் கல்வித்துறையும் ஓவியத்தைத் தொழிலுக்கான கைப்பயிற்சியாகவே பெரிதும் கருதின. கோடு நேராக வர வேண்டும், மாதிரி உருவம் பிசகாமல் வர வேண்டும் என்பதே அளவுகோலாக இருந்தது. தச்சருக்கும் பொற்கொல்லருக்கும் வேண்டிய அந்தப் பயிற்சி, ஏழு வயதுப் பிள்ளையின் வகுப்புக்கும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் சேவாகிராமத்தில், கைத்தொழில் வழியே கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்தபோது, அவர்கள் கண்டதையும் வாழ்ந்ததையும் வரையவிட்டார். நம் நாட்டிலேயே அப்படி ஒரு வழி இருந்தது என்பதைப் பயிற்சி மாணவர்கள் அறிய வேண்டும்.

பிள்ளை படத்தைக் கொண்டுவந்து 'நல்லாயிருக்கா டீச்சர்?' என்று கேட்கிறது. 'சூப்பர்' என்று சொன்னால் போதாதா?

போதாது. பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டியது இந்த இடத்தில்தான். நாற்பது பேருக்கும் 'சூப்பர்' என்று சொன்னால், ஆசிரியர் படத்தைப் பார்க்கவில்லை என்பதைப் பிள்ளைகள் இரண்டே வகுப்புகளில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'இது என்ன?' என்று கேட்பதும் நல்லதன்று. தான் வரைந்தது புரியவில்லை என்று பிள்ளை குன்றிவிடும். 'இதைப் பற்றிச் சொல்லேன்' என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.

அடுத்ததாகக் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். 'இந்த மரம் மட்டும் சாய்ந்திருக்கிறதே' என்று ஆசிரியர் சொன்னால், 'காத்தடிக்குது டீச்சர்' என்று பிள்ளை சொல்லும். 'அப்படியானால் கொடியில் காயும் துணி என்ன செய்யும்?' என்று கேட்டால் போதும், பிள்ளை தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்கு ஓடும். பாராட்டும் திருத்தமும் இல்லாமலேயே படம் வளர்ந்துவிடுகிறது. பயிற்சி மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, உண்மையான பிள்ளை ஓவியம் ஒன்றை நடுவில் வைத்து, 'அழகு', 'நன்று', 'தப்பு' என்ற மூன்று சொற்களையும் பயன்படுத்தாமல் சற்று நேரம் பேசச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மிகவும் தடுமாறுவார்கள். சில அமர்வுகளில் பழகிவிடும். பிள்ளையின் தாளில் ஆசிரியர் தம் கையால் கோடு போடக் கூடாது என்பதையும் இதே பயிற்சியில் சேர்க்க வேண்டும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேறு தாளில் காட்டலாம்.

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக என்ன படித்திருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் நீண்ட காலமாக இருந்துவரும் வழி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடத்தில் தேறி (பேச்சுவழக்கில் 'லோயர்', 'ஹையர்' என்னும் இரண்டு நிலைகள்), அதன்பின் தொழிலாசிரியர் சான்றிதழ், அதாவது டி.டி.சி., பெறுவது. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்கு ஆண்டுப் பட்டம் பெறுவது மற்றொரு வழி. ஒவ்வொரு நியமனத்துக்கும் எந்தச் சான்றிதழ்கள் ஏற்கப்படும் என்பதை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அந்தந்த அறிவிக்கையைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். பழைய அறிவிக்கையையோ நண்பரின் சொல்லையோ நம்பிப் பணம் கட்டி எந்தப் படிப்பிலும் சேர வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை முதலிய பாடங்களுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள்கள் பணி. ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். நல்ல பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, பயிற்சி பெற்றவர் நிலைத்து நிற்க வழி வேண்டும் என்பதை இதைப் பார்க்கும் எவரும் உணர்வார்.

கவின்கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவருக்குக் கற்பித்தல் பயிற்சி தனியாக எதற்கு?

கலைஞருக்குத் தம் கலை தெரியும். ஆறாம் வகுப்பு தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்லூரியில் விருப்பத்தோடு வந்த சிலர், மணிக்கணக்கான நேரம், தனித்தனிப் பலகை என்று பழகியவர், நாற்பது நிமிடத்தில் மணியடிக்கும் வகுப்பில் திணறுகிறார். அவருக்கு இரண்டு செய்திகள் தேவை. மேலே சொன்ன வளர்ச்சி நிலைகள் ஒன்று. பாடத்தைப் படிப்படியாக ஓர் ஆண்டுக்குப் பரப்பித் திட்டமிடுவது மற்றொன்று. திறமையுள்ள ஐந்து பிள்ளைகளோடு மட்டும் நெருங்கி, மற்றவர்களை விட்டுவிடும் போக்கும் கலைஞராயிருக்கும் ஆசிரியரிடம் எளிதில் வந்துவிடும். அதைச் சுட்டிக்காட்ட உடனிருந்து பார்க்கும் ஒருவர் தேவை.

டி.எல்.எட்., பி.எட். பாடத்திட்டத்தில் இதெல்லாம் இருக்கிறதா?

இடம் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டாகிய பி.எட். படிப்பில் 'கல்வியில் நாடகமும் கலையும்' என்பது தொழில்திறன் மேம்பாட்டுப் பகுதியில் இடம்பெற்றது. காட்சிக்கலைக்கென்றே கலைக்கல்விப் பட்டயம் ஒன்றையும் அதே விதிமுறைகள் வகுத்துள்ளன. டி.எல்.எட். எனப்படும் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியிலும் கலைக்கல்வி உண்டு.

நடைமுறையில் அந்த நேரம் ஆவணம் தயாரிப்பதிலேயே கரைந்துவிடுகிறது. சார்ட் பேப்பரில் ஜிகினா ஒட்டிய கற்பித்தல் துணைப்பொருள், அலங்கரித்த அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றைக் கடைசி இரவில் முடித்து, அல்லது கூலி கொடுத்து வரையச் செய்து, கையொப்பம் வாங்குவதோடு கலைக்கல்வி முடிந்துவிடுவதைப் பல இடங்களில் காண்கிறேன். அந்த ரெக்கார்டுக்குப் பதிலாக, கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் ஒரே பிள்ளையின் பத்துப் படங்களைத் தேதியிட்டுச் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம். செலவு இல்லை, கூலிக்கும் செய்ய முடியாது.

வண்ணம் வாங்கப் பணம் இல்லை. பொருள்களுக்கு என்ன வழி?

கரும்பலகையும் சாக்பீசும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சிமெண்டுத் தரையும் கரித்துண்டும் பெரும்பாலும் உண்டு. ஒருபக்கம் அச்சடித்த தாள்கள், திருமணப் பத்திரிகைகளின் பின்பக்கம், செய்தித்தாள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சேர்க்கத் தொடங்க வேண்டும். வெண்டைக்காயின் காம்புப் பக்கம், பாகற்காய்த் துண்டு, வாழைத்தண்டு ஆகியவை அச்சுக்கு உதவும். களிமண் குளத்திலிருந்தோ, பக்கத்தில் குயவர் இருந்தால் அவரிடமிருந்தோ கிடைக்கும். அவரை வகுப்புக்கு அழைத்தால் அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

செம்மண்ணிலிருந்து வண்ணம் செய்வதைப் பயிற்சிக் காலத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். மண்ணை வாளி நீரில் நன்றாகக் கரைத்துச் சற்று விட்டால் மணலும் கல்லும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து, இரவு முழுவதும் தெளியவிட்டு, நீரை இறுத்தால் மாவுபோன்ற வண்டல் கிடைக்கும். அதைக் காயவைத்துப் பொடித்து, ஊறவைத்த வேப்பம்பிசினோடு குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்தபின் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். கூடினால் வெடிப்பு விழும். மஞ்சள் நல்ல நிறம் தந்தாலும் வெயில் பட்டால் வெளுத்துவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, ஆதலால் அதை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. அது நஞ்சு, பள்ளியில் வேண்டவே வேண்டாம். வீட்டுக் கதவுக்கு அடித்து மீந்த பெயிண்டையும் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

ஒரு பீரியடு நாற்பது நிமிடம், வகுப்பில் நாற்பது பேர். வண்ணம் கொட்டாமல் நடத்த முடியுமா?

கொட்டும். துடைக்கத் துணியும் வாளியும் முன்கூட்டியே இருந்தால் அது பெரிய செய்தியாகாது. முதல் ஐந்து நிமிடம் பார்ப்பதற்கும் பேசுவதற்கும், இருபத்தைந்து நிமிடம் வேலைக்கும், மீதி துடைப்பதற்கும் ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பதற்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். பொருளைப் பகிர்ந்து கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் குழுத் தலைவர்களின் பொறுப்பாக இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் வண்ணம் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்பை நான்கு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு வண்ணம், மற்றவர்களுக்குக் கரி என்று வாரம் மாற்றி வைத்துக்கொண்டால் நான்கு வாரத்தில் எல்லாருக்கும் முறை வந்துவிடும்.

ஓவியத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? கண்ணுக்கு அழகாக இருப்பதற்குத்தானே அதிகம் போடுவோம்?

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, ஓவியம் போன்ற கல்வி இணைச் செயல்பாடுகளுக்கும் தரநிலை தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. படிவம் வந்தது, எதைப் பார்த்துத் தருவது என்ற பயிற்சி அந்த அளவுக்கு வரவில்லை.

அழகுக்குப் போட்டால் முன்பே தெரிந்த பிள்ளைக்கே எப்போதும் கிடைக்கும். ஒரு பருவத்தின் தொடக்கத்தில் வரைந்ததையும் முடிவில் வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உற்றுநோக்கியது கூடியிருக்கிறதா, புதிய பொருளைத் துணிந்து கையாண்டிருக்கிறதா, தொடங்கிய வேலையை முடித்திருக்கிறதா, தன் படத்தைப் பற்றிப் பேச முடிகிறதா என்பவற்றைப் பார்த்து இரண்டு வரி எழுதலாம். இதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் படங்களைச் சேர்த்துவைக்க ஓர் உறை வேண்டும். பழைய நாள்காட்டி அட்டையில் செய்துவிடலாம். தேதியில்லாத படம் மதிப்பீட்டுக்குப் பயன்படாது என்பதால், தாளின் பின்னால் தேதி எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள்.

உலக ஓவியர்களைச் சொல்லிக்கொடுப்பதா, நம் ஊர்க் கலையைச் சொல்லிக்கொடுப்பதா?

இரண்டும் வேண்டும், தொடங்க வேண்டியது நடந்து போய்ப் பார்க்கக்கூடியதிலிருந்து. அய்யனார் கோயில் சுடுமண் குதிரையையும் தேரின் மரச்சிற்பத்தையும் பிள்ளைகள் தினமும் கடந்து போகிறார்கள், யாரும் நின்று பார்க்கச் சொன்னதில்லை. கோலத்தை எடுத்துக்கொண்டால், ஊடுபுள்ளிக்கும் நேர்ப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பாட்டியைவிட நன்றாக யார் விளக்க முடியும்? சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலத்தின் அமைப்பைக் கணித முறையில் ஆராய்ந்தார்கள் என்பதைச் சொன்னால் மேல்வகுப்புப் பிள்ளைகள் வியப்பார்கள். ஆண்பிள்ளைகளையும் கோலத்தில் சேருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் கூரையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக்குளம் இருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் பூப்பறிப்பவர்களும் அதில் பக்கவாட்டில் தெரிய, குளமோ மேலிருந்து பார்ப்பதுபோல் பரப்பு முழுவதையும் நிறைத்திருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரைந்த கோயில் குளத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேசலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தது, சுவரில் ஒன்றின்மேல் ஒன்று தீட்டுவது என்றால் என்ன என்று கற்பிக்க அருமையான கதை. போக முடியாத பள்ளிகள் நல்ல அச்சுப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அமைதியாகப் பார்க்கச் செய்யலாம்.

போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதே எங்கள் வேலையாகிவிட்டது. அது சரியா?

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழா, மேடையே காணாத பிள்ளைகள் பலருக்கு மேடை கொடுத்திருக்கிறது; அதை நான் மனமார வரவேற்கிறேன். வகுப்பு நடந்து, அதிலிருந்து போட்டிக்குப் போனால் நல்லது. ஒரே படத்தை மாதக்கணக்கில் மனப்பாடமாக வரையவைத்து அனுப்புவதும், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அந்த மாதங்களில் வகுப்பே இல்லாமல் போவதும் கூடாது. நடுவராகச் செல்லும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் பெரியவர் கைவேலை வந்திருந்தால் கண்டுகொள்ள, வளர்ச்சி நிலைகளை அறிந்த கண் உதவும்.

எல்லாப் பாடத்தையும் கலையோடு சேர்த்துக் கற்பிக்கிறோமே, பிறகு ஓவியத்துக்குத் தனி பீரியடு எதற்கு?

கலை ஒருங்கிணைந்த கற்றல் என்ற பெயரில் இது பரவியிருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019இல் தன் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கியது. மழைநீர் சுழற்சியைப் படமாக வரைந்தால் அறிவியல் பாடம் நன்றாகப் புரியும், ஐயமில்லை. அந்த வகுப்பில் ஆசிரியர் பார்ப்பது அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்பதையே. மேகத்தின் சாம்பல் நிறம் எத்தனை வகை என்று கேட்க அங்கே நேரமும் இல்லை, தேவையும் இல்லை. பிற பாடத்துக்கு உதவுவதால் ஓவியத்துக்கு இடம் என்று ஒப்புக்கொண்டால், தேர்வு நெருங்கியதும் அந்த பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை கலைக்கு இடம் கேட்டதைத் தலைமை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம். அதைவிட வலுவாகப் பேசக்கூடியவை, நீங்கள் தேதியிட்டுச் சேர்த்த பிள்ளைகளின் உறைகள்.

பார்வைக் குறைபாடோ வேறு சிரமமோ உள்ள பிள்ளைக்கு ஓவிய வகுப்பில் என்ன கொடுப்பது?

தனியாக உட்காரவைத்து வேறு வேலை கொடுப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். களிமண், கயிறு ஒட்டிய கோடு, மணல் தூவிய பரப்பு ஆகியவற்றை வகுப்பு முழுவதற்கும் கொடுத்தால் பார்வையற்ற பிள்ளையும் அதில் இருக்கும். கைப்பிடி தளர்ந்த பிள்ளைக்குக் கரித்துண்டிலோ தூரிகையிலோ துணி சுற்றித் தடிமனாக்கலாம். இலைக்குப் பழுப்பும் மண்ணுக்குப் பச்சையும் தொடர்ந்து பூசும் பையனைக் கடிந்துகொள்ளும் முன் நிறக்குருடு இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஆண்பிள்ளைகளிடமே அதிகம். வண்ணக்குச்சிகளின் உறையில் நிறத்தின் பெயரைத் தமிழில் எழுதிவைத்தால் அந்தப் பிள்ளைக்கு யாரையும் கேட்க வேண்டியிராது.

ஒரு பிள்ளை எப்போதும் கறுப்பிலேயே வரைகிறது, கத்தி, இரத்தம் என்றெல்லாம் வரைகிறது. மனநிலை சரியில்லை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஒரு நிறத்தையோ ஒரு படத்தையோ வைத்து மனநிலையைக் கணிக்க ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. கறுப்புக் குச்சி மட்டும் முனை உடையாமல் இருந்திருக்கலாம். முந்தின நாள் பார்த்த திரைப்படமாகவும் இருக்கலாம். முன்பு சொன்னதுபோல, 'இதைப் பற்றிச் சொல்லேன்' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை தனக்கோ வீட்டில் யாருக்கோ தீங்கு நேர்வதாகச் சொன்னால், துருவிக் கேட்காமல் சொன்னதை அப்படியே குறித்து, தலைமை ஆசிரியரிடம் தெரிவித்து, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும். அந்தப் படத்தை மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டவோ வாட்ஸ்அப் குழுவில் போடவோ கூடாது.

கைபேசியில் படம் பார்த்து வரைகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவே படம் போட்டுத் தருகிறது. இனி ஓவியம் கற்பித்து என்ன ஆகப்போகிறது?

கைபேசித் திரையைப் பார்த்து வரைவது, கரும்பலகையைப் பார்த்து வரைவதன் புதிய வடிவம். அங்கே சொன்னதே இதற்கும் பொருந்தும். பிள்ளை கைபேசியைத்தான் விரும்புகிறது என்றால், தன் தெருவைப் படமெடுத்து வரச்செய்து, அதிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்து வரையச் சொல்லலாம். தேர்வு செய்வதில் பாதிப் பாடம் முடிந்துவிடும். இயந்திரம் தரும் படத்தைப் பொறுத்தவரை, பள்ளி ஓவிய வகுப்பின் நோக்கம் படங்களை உற்பத்தி செய்வது என்றால் மட்டுமே அது போட்டியாகும். வேப்பிலையின் ஓரத்து வெட்டுகளை உற்றுப் பார்க்கும் பத்து நிமிடம் பிள்ளையின் கண்ணில் நிகழ்வது. அதை வேறு எதனிடமும் ஒப்படைக்க முடியாது. மேல்வகுப்புகளில் இயந்திரப் படத்தையும் பிள்ளைகளின் படத்தையும் அருகருகே வைத்து, எது எங்கிருந்து வந்தது, எதில் யார் முடிவெடுத்தார் என்று பேசுவது நல்ல வகுப்பாக அமையும்.

இரண்டு நாள் பயிற்சி முகாம் வைத்தால் ஆசிரியர்கள் தயாராகிவிடுவார்களா?

இரண்டு நாளில் ஆர்வம் ஊட்டலாம், அவ்வளவே. முதல் நாள் விருந்தினர் உரையும் இரண்டாம் நாள் காகிதப் பூவும் என்று நடக்கும் முகாம்களில் அதுவும் நிகழ்வதில்லை. இரண்டே நாள்கள்தான் கிடைக்கும் என்றால், ஒரு நாளைப் பொருள்களைக் கையால் செய்து பார்ப்பதற்கும், மறுநாள் முற்பகலைப் பிள்ளைகளின் படக்கட்டுகளை வைத்துப் பேசுவதற்கும், பிற்பகலைப் பக்கத்துப் பள்ளியில் உண்மையான வகுப்பு ஒன்றை நடத்திப் பார்ப்பதற்கும் ஒதுக்கலாம்.

அதன் பிறகு நடப்பதைத்தான் பெரிதாகக் கருத வேண்டும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் கேட்டு வாங்கி, ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பிலிருந்து மூன்று படங்களைக் கொண்டுவர வேண்டும்: தமக்குப் பிடித்தது ஒன்று, புரியாதது ஒன்று, எப்போதும் பின்வரிசையில் இருக்கும் பிள்ளை வரைந்தது ஒன்று. கவின்கலைப் பட்டதாரியான பகுதிநேர ஆசிரியர் அந்த வட்டாரத்தில் இருந்தால் அவரும் வரட்டும். பொருள்களைப் பற்றி அவர் சொல்வார், பிள்ளைகளைப் பற்றி இடைநிலை ஆசிரியர்கள் அவருக்குச் சொல்வார்கள். புரியாத படத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.